பெனிடோர்ம் போகலாமா? கேள்வி பதில்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில் உள்ள பெனிடோர்முக்குப் புறப்படுகிறவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: மீனவர் ஊர் என்றார்கள். படங்களில் வெறும் அடுக்குமாடிகள்தான் தெரிகின்றன. பழைய ஊர் மிச்சம் இருக்கிறதா ஐயா?

பதில்: கொஞ்சம் இருக்கிறது. லெவாந்தே, போனியெந்தே என்னும் இரண்டு கடற்கரைகளுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேட்டில் நீலக் குவிமாடத் தேவாலயமும் குறுகிய சந்துகளும் உண்டு. அரை நாள் போதும். சூரை மீனுக்குக் கடலில் பெரிய வலைக்கூடு கட்டும் 'அல்மத்ராபா' தொழிலில் இவ்வூர்க்காரர்கள் பெயர்பெற்றவர்கள். இன்று அது இங்கே இல்லை. மீன்பிடித் துறைமுகம் பார்க்க ஆசையென்றால் டிராம் ஏறிப் பக்கத்து ஊரான வில்லஹோயோசாவில் இறங்குங்கள். வார நாளில், படகுகள் கரை திரும்பும் பிற்பகலில் போவது நல்லது.

கேள்வி: இப்படி உயர உயரக் கட்டி ஊரைக் கெடுத்துவிட்டார்களே?

பதில்: நான் மறுப்பேன். மேயர் பெத்ரோ சரகோசா காலத்தில், 1956-இல், நகரமைப்புத் திட்டம் வந்தது. 1960-களில் உயரக் கட்டுப்பாடும் போனது. 186 மீட்டர் உயரமுள்ள கிரான் ஓட்டல் பாலி 2002-இல் திறக்கப்பட்டது. அத்தனை அறைகளையும் தாழ்வாகப் பரப்பியிருந்தால் மலையடிவாரம் வரை சிமெண்ட்தான். இங்கே பெரும்பாலோர் கடலுக்கு நடந்தே போய்விடலாம். அதே மேயர்தான் பிகினிக்கு அனுமதி தந்தவர். எதிர்ப்புக் கிளம்பியதும் வெஸ்பா ஸ்கூட்டரில் மாட்ரிட் சென்று, அன்று நாட்டை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவையே பார்த்து வந்தார் என்று சொல்வார்கள். அழகில்லை என்று முகம் சுளிக்கிறவர்கள் பக்கத்திலிருக்கும் அல்தெயாவுக்குப் போகட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த மாதம், எந்தப் பக்கம் தங்கலாம்?

பதில்: அக்டோபர். வெயில் தணிந்திருக்கும், கடலில் குளிர் ஏறியிருக்காது. ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். போனியெந்தே பக்கம் அமைதி. கடலோர நடைபாதையும் சமதளம். பிரிட்டிஷ் மதுக்கடைகள் நெருங்கிய லெவாந்தேயின் கிழக்கு முனையில் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து டிராம் உண்டா?

பதில்: இல்லை. அலிகாந்தே விமான நிலையத்திலிருந்து நேரடி பஸ் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

கேள்வி: நாங்கள் சைவம். சோறு கிடைக்குமா அண்ணா?

பதில்: கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். 'அரோஸ் அ பாந்தா' என்னும் உள்ளூர் உணவு வெறும் சோறு போலத் தெரியும். வெந்தது மீன் சாற்றில். காய்கறிப் பயேயா (அகன்ற தட்டையான சட்டியில் சமைக்கும் சோறு) என்றாலும் எந்தச் சாற்றில் சமைத்தது என்று விசாரியுங்கள். மதிய உணவு அங்கே இரண்டு மணிக்குத்தான் களைகட்டும்.