சீனாவில் டீச்சர் வேலை: சனி, ஞாயிறில் ஊர் சுற்ற முடியுமா?

கேள்வி: திருச்சியில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஆகஸ்டில் சீனாவின் சூஜோ நகரில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் சேரப்போகிறேன். தனியாகத்தான் போகிறேன். முட்டை சாப்பிடுவேன், கறி, மீன் கிடையாது. அங்கே அன்றாடப் பாடு எப்படி? லீவு நாளில் பக்கத்து ஊர்களுக்குத் தனியாகப் போய்வர முடியுமா?

பதில்: தாராளமாகப் போய்வரலாம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக ரயிலை விட்டு இறங்கி, மெட்ரோ பிடித்து வீடு போய்ச் சேருவது அங்கே சாதாரண விஷயம். நான் அங்கே வேலை பார்த்த வருடங்களில் நம் ஆட்கள் திணறியதெல்லாம் பாஸ்போர்ட்டாலும் காலண்டராலும்தான்.

முதலில் பாஸ்போர்ட். வேலைக்கான இசட் விசாவில் போய் இறங்குவீர்கள். 24 மணி நேரத்துக்குள் நீங்கள் தங்கும் முகவரியைப் போலீஸில் பதிய வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீடு என்றால் அது உங்கள் பொறுப்பு. பள்ளியிலிருந்து ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். அப்புறம் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கைக்குத் திரும்பிவர 15 நாள் வரை ஆகலாம். இந்தக் காலத்தில் எந்தப் பயணமும் வைத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமாக ஹாங்காங் போகாதீர்கள். அது சீனாவைச் சேர்ந்ததுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே காலெடுத்து வைத்தால் நாட்டை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. இசட் விசா ஒருமுறை நுழைய மட்டுமே. என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்படிப் போய் மாட்டிக்கொண்டு, புது விசா வாங்கித்தான் வகுப்புக்குத் திரும்பினார். வசிப்பு அனுமதி கைக்கு வந்துவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங் போக இணையத்தில் முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். 14 நாள் வரை தங்கலாம்.

அடுத்து, நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லை: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் பலருக்குக் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். நான் சிம் வாங்கிய கடையில் அப்பா பெயரை முன்னால் போட்டார்கள். பேங்க் கவுண்டரில் இருந்த பெண் அதைப் பின்னால் போட்டு, நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடித்தார். கையெழுத்துப் போடும்போது நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அங்கே எல்லோரும் பணம் கொடுக்கப் பயன்படுத்தும் அலிபே செயலியில் கணக்கை இணைத்தால், பெயர் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டது. அதைச் சரிசெய்ய மூன்று மதியங்கள் போயின. ஆகவே முதன்முதலில் பதியும் இடத்தில் பெயர் எப்படி விழுகிறதோ அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிம், பேங்க், அலிபே, வீசாட் (அந்த ஊர் வாட்ஸ்அப்), ரயில் செயலி என எங்கே போனாலும் அந்தப் போட்டோவைக் காட்டி, எழுத்தும் இடைவெளியும் வரிசையும் அப்படியே இருக்கிறதா என்று திரையைத் திருப்பச் சொல்லிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கூச்சப்பட வேண்டாம், திருப்பிக் காட்டுவார்கள்.

போன் விஷயத்தில் இரண்டு பக்கமும் கதவு அடைப்பு. வாட்ஸ்அப்பும் கூகுளும் அங்கே கிடையாது. வீசாட்டும் அலிபேயும் 2020-லிருந்து இந்தியாவில் தடை. அம்மாவை வீசாட் போடச் சொல்ல முடியாது, நீங்களும் கிளம்புமுன் இங்கே இறக்கிக்கொள்ள முடியாது. அதனால் முதல் மாதத்துக்கு இந்திய சிம்மிலேயே ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போங்கள். ரோமிங் டேட்டா நம் ஊர் நெட்வொர்க் வழியாகப் போவதால் வாட்ஸ்அப் ஓடும். இறங்கியதும் சீனச் செயலிகளை ஏற்றிக்கொள்ளலாம். ஐபோன் என்றால் கணக்கின் நாட்டை மாற்றினால்தான் அவை கண்ணில் படும்.

பேங்க் கணக்கு தொடங்கும் வரை உங்கள் விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு எண்ணை அலிபேயில் சேர்த்துச் சமாளிக்கலாம். 200 யுவான் வரை தனிக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். காய்கறிக்கார அம்மா கூடக் கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். பையில் கொஞ்சம் நோட்டும் இருக்கட்டும்.

இனி காலண்டர். அக்டோபர் 1-இல் தொடங்கும் தேசிய தின வாரமும் சீனப் புத்தாண்டான வசந்த விழாவும் வந்தால் நாடே ரயிலில் ஏறிவிடும். நம் ஊரில் பொங்கலுக்கு முந்தின நாள் கோயம்பேடு எப்படி இருந்ததோ, அதை ஒரு நாடு அளவுக்கு விரித்துப் பாருங்கள். அந்த நாட்களில் வீட்டில் துணி துவைத்துக்கொண்டு இருப்பதே உத்தமம் என்பது என் கட்சி. இன்னொன்று: நீண்ட லீவை ஈடுகட்ட சில சனி, ஞாயிறுகளை வேலை நாளாக்கிவிடுவார்கள். 2025-இல் தேசிய தின லீவுக்காக செப்டம்பர் 28 ஞாயிறும் அக்டோபர் 11 சனியும் வேலை நாட்கள். பட்டியல் முந்தின ஆண்டின் கடைசியிலேயே வந்துவிடும். அதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டால் பணம் போகும்.

சாதாரண சனிக்கிழமைக்கு சூஜோ போல வசதியான ஊர் கிடையாது. அதிவேக ரயிலில் ஷாங்காய் அரை மணி நேரம், இரண்டாம் வகுப்பு ஏறக்குறைய 40 யுவான். அவசரமே இல்லையென்றால் சூஜோ மெட்ரோவின் 11-ஆம் பாதை ஷாங்காய் மெட்ரோவோடு போய்ச் சேருகிறது, அதிலும் போகலாம். நான்ஜிங், ஹாங்ஜோ இரண்டையும் காலையில் கிளம்பி இரவு திரும்பும்படி பார்த்துவிடலாம். உள்ளூரிலேயே துங்லி என்ற வாய்க்கால் ஊர் 4-ஆம் மெட்ரோ பாதையின் கடைசியில் இருக்கிறது. ஐ.எம்.பெய் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சூஜோ அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு வேண்டும், திங்கள் விடுமுறை.

ரயில் டிக்கெட்டை 12306 என்ற ரயில்வேயின் சொந்தச் செயலியில் போடுங்கள். சுமார் இரண்டு வாரத்துக்கு முன்பு விற்பனை திறக்கும். உங்கள் பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கிக் கதவு திறக்காவிட்டால் பதற வேண்டாம், ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் நீட்டினால் விட்டுவிடுவார்கள். வாசலில் பை சோதனை உண்டு, ரயில் கிளம்பச் சில நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். விமானம் என்றால் ஒரு எச்சரிக்கை: 2025 ஜூன் 28 முதல் சீனாவின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானத்தில் விடுவதில்லை. இங்கிருந்து வாங்கிப் போகாதீர்கள்.

சாப்பாட்டில் வேண்டியது கொஞ்சம் சந்தேகபுத்தி. காய்ப் பொரியல் என்று வருவதில் கொத்துக்கறி தூவியிருக்கும். வறுத்த பீன்ஸும் மாப்போ தோஃபு என்ற காரமான சோயாக் கட்டிக் குழம்பும் இதில் பேர் போனவை. பன்றிக் கொழுப்பும் எலும்புச் சூப்பும் கண்ணுக்கே தெரியாது. ‘கறி, மீன், பன்றி எண்ணெய், எலும்புச் சூப் எதுவும் வேண்டாம், முட்டை பரவாயில்லை’ என்று சீனத்தில் ஒரு சக ஆசிரியரிடம் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முயன்றால் ராகம் தப்பி வேறு ஏதோ வந்து நிற்கும். தக்காளி முட்டைப் பொரியல், புளிப்புக் காரத்தில் உருளைக்கிழங்குச் சீவல் இரண்டும் எல்லாக் கடையிலும் உண்டு. புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ நூடுல்ஸ் கடைகளில் கேள்வியே கேட்காமல் உட்காரலாம். ஸ்டேஷனிலும் ரயிலிலும் வெந்நீர்க் குழாய் இருக்கும். ஒரு பிளாஸ்க்கும் டிஷ்யூ பொட்டலமும் எப்போதும் பையில் இருக்கட்டும். கழிப்பறையில் பல இடங்களில் தாள் இருக்காது.

மூன்று நாள் லீவு ஒன்று சேர்ந்து வந்தால், கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டாவது ச்சுவான்ஜோ போங்கள். ஆறேழு மணி நேர ரயில். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக ஊர் அது; கீழே சீன எழுத்தில் ஒரு வரியும் உண்டு. அங்குள்ள கைய்யுவான் புத்தக் கோயிலில் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் சுற்றிப் போனால், நம் ஊர்ச் சிற்ப வேலையோடு இரண்டு கல்தூண்கள் நிற்கும். முன்பக்கம் ஊதுபத்திக் கூட்டம் நெரியும்; பின்னால் பெரும்பாலும் ஆள் இருக்காது.