பழைய ஃபோர் வீலில் குழந்தை இருக்கை: வெல்டிங் வேண்டாம், பெல்ட் போதும்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் கணவர் கண்டக்டர், அதாவது வேலைகளை மேற்பார்ப்பவர். எங்களிடம் பழைய டபுள் கேப் ஃபோர் வீல் (பின்சீட்டும் திறந்த தட்டும் உள்ள பிக்கப்) இருக்கிறது. மகளுக்கு நான்கு வயது, மகனுக்குப் பத்து மாதம். பின்சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது. ஓரங்களில் மூன்றுமுனை பெல்ட், நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும். பட்டணத்தில் ஒருவர் வெல்டிங் வைத்து ஐசோஃபிக்ஸ் போட்டுத் தருகிறேன், கூடவே கைமாறிய குழந்தை சீட் ஒன்றும் தருகிறேன், மொத்தம் 350 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார். வாங்கலாமா? என் மாமியார், "பேரனை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன், எதுக்கு இந்தச் செலவு" என்கிறார்.

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. இரண்டுமே வேண்டாம்.

ஐசோஃபிக்ஸ் என்றால் குழந்தை இருக்கையைப் பெல்ட் இல்லாமல் பூட்டுவதற்காகச் சீட் மடிப்புக்குள் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கம்பிகள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் கனம்தான். அந்த அளவில் கம்பி வளைத்து ஒட்டிவிடுவது எந்த வெல்டருக்கும் பெரிய வேலை இல்லை. ஆனால் தொழிற்சாலையில் அந்தக் கம்பிகளுக்கு வைக்கும் சோதனை என்ன தெரியுமா? ஏறக்குறைய 800 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் அளவு இழுத்துப் பார்க்கிறார்கள். அதைத் தாங்குவது கம்பி இல்லை. அதன் பின்னால் இருக்கும் வண்டியின் இரும்புச் சட்டம். உங்கள் வண்டியில் அந்த இடத்தில் அப்படி ஒரு சட்டம் வைக்கப்பட்டிருக்காது. இவர் ஒட்டப்போவது வெறும் தகட்டில்.

ஒருமுறை இப்படிப் போட்ட வண்டி ஒன்று என்னிடம் வந்தது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேலே பளபளவென்று கறுப்புப் பெயின்ட், அடியில் துரு. வெல்டிங் சூட்டில் தகடு நீலம் பாய்ந்து காகிதம்போல் ஆகியிருந்தது. டயர் லீவரை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினேன், கம்பி தகட்டோடு பிய்ந்து வந்தது. அந்தக் குடும்பம் ஏழு மாதமாக அந்தச் சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய் வந்திருக்கிறது. பூட்டும்போது 'கிளிக்' என்று சத்தம் கேட்டதாம், அதனால் நம்பினார்களாம். அந்தச் சத்தத்தைத்தான் இந்த ஆட்கள் விற்கிறார்கள்.

கைமாறிய சீட்டும் அப்படித்தான். விபத்தில் ஒரு தடவை அடிவாங்கிய சீட்டில் உள்ளே விரிசல் ஓடியிருக்கும், வெளியே தெரியாது. உறையைத் துவைத்து மாட்டினால் புதுசாகிவிடும். கூடப்பிறந்தவர் வீட்டுச் சீட், அதன் கதை முழுக்கத் தெரியும் என்றால் வேறு. முகம் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். இணையத்தில் விற்கும் துணிப்பையும் நாலு வாரும் சேர்ந்த 'எடுத்துச்செல்லும் இருக்கை'யைத் தொடவே வேண்டாம்.

புதிது வாங்கும்போது ஆரஞ்சு நிற ஒட்டியைத் தேடுங்கள். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஆர்44 என்ற குழந்தை இருக்கைப் பாதுகாப்பு விதி என்றால் அங்கீகார எண் 04 என்று தொடங்க வேண்டும். ஆர்129 அதைவிடப் புதிய விதி. உங்களுக்கு முக்கியமான சொல் 'யூனிவர்சல்', அதுவும் பெல்ட்டால் கட்டுவது. கடைக்காரர் ஐசோஃபிக்ஸ் மட்டும் உள்ளதைத் தலையில் கட்டப் பார்ப்பார். அசையாதீர்கள். ஒழுங்காகக் கட்டினால் பெல்ட்டே போதும்.

இனி அந்த நடு சீட். இதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். மகளை உயர்த்தும் சீட்டில், அதாவது பூஸ்டரில், நடுவில் இடுப்பு பெல்ட்டோடு உட்கார வைக்கவே கூடாது. பிரேக் போட்டதும் உடல் அந்த ஒற்றைப் பட்டையின் மேல் இரண்டாக மடியும். வயிற்றிலும் முதுகெலும்பிலும்தான் அடி விழும். பூஸ்டருக்குத் தோள் பெல்ட் கட்டாயம். ஆனால் கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்து வைக்கும் தொட்டில் சீட்டுகளில் சிலவற்றுக்கு இடுப்பு பெல்ட்டே போதும் என்ற அங்கீகாரம் உண்டு. எல்லாவற்றுக்கும் இல்லை, சிலவற்றுக்குத்தான். சீட்டின் பக்கவாட்டிலும் கையேட்டிலும் பெல்ட் படம் போட்டிருப்பார்கள்: தோளும் இடுப்பும் சேர்ந்த படம் மட்டும் இருந்தால் நடுவில் வைக்காதீர்கள், இடுப்புப் பட்டை தனியாக உள்ள படமும் இருந்தால் வைக்கலாம். கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில் சேராது, படத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். உங்களுக்கு இரண்டு ஓரங்களும் இருக்கின்றன; பிள்ளைகளை ஓரங்களில் வையுங்கள், நடுவில் மாமியார் பெல்ட் போட்டு உட்காரட்டும்.

அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டரில் நின்றால், பத்துக் கிலோ பேரன் அந்தக் கணத்தில் 200 கிலோ கனத்தோடு முன்னால் பாய்வான். எந்தப் பாட்டியின் கையும் தாங்காது. பாசக் குறைவு இல்லை அது.

கட்டுவது இப்படி. மகனுக்குப் பின்பக்கம் பார்த்த இருக்கை, 15 மாதம் வரையாவது. முன்சீட்டில் வைக்காதீர்கள். மகள் 18 கிலோவைத் தொடும்வரை இருக்கையோடு வரும் வாரிலேயே இருக்கட்டும், பூஸ்டருக்கு அவசரம் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். லயத்துச் சரிவில் நிறுத்திவிட்டு பெல்ட் வரவில்லை, கெட்டுப்போச்சு என்று பலர் என்னிடம் வருகிறார்கள். சரிவில் பெல்ட் தானே பூட்டிக்கொள்ளும், அதன் குணம் அது. சரிவில் வைத்தால் இருக்கையின் சாய்வும் தப்பாகக் காட்டும். பெல்ட்டைக் குறியிட்ட வழியில் விடுங்கள்: பெரும்பாலும் பின்பக்கம் பார்ப்பதற்கு நீலம், முன்பக்கம் பார்ப்பதற்குச் சிவப்பு. முழங்காலை இருக்கையில் ஊன்றி அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பெல்ட்டின் பூட்டு, இருக்கையின் விளிம்பில் மடங்கி உட்காரக் கூடாது. மடங்கினால் வேறு மாடல் பாருங்கள்.

சட்டம் 2020 ஜனவரி 1 முதல் இருக்கிறது. தனியார் வாகனத்தில் குழந்தை இருக்கை கட்டாயம் என்று அறிவித்தார்கள், சரி. தோட்டப் பட்டணத்தில் இதைக் கட்டிக் காட்ட யார் வந்தார்கள்? பேரங்காடி இருக்கும் ஊருக்குத்தான் எல்லாம். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில்தான் வெல்டிங்காரர் நிபுணர் ஆகிவிடுகிறார். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கடைசியாக, உங்கள் கணவர் அறுவடை உளி, அரிவாள், மண்ணெண்ணெய் டின் எதையும் பிள்ளைகள் பின்னால் கேபினில் வைக்க வேண்டாம், வெளியே தட்டில் கட்டட்டும். செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி பெல்ட் தளரும். வாரம் ஒருமுறை, பெல்ட் போகும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் அவிழ்த்து முதலிலிருந்து கட்டுங்கள்.