சின்ன மர பேஸ்பால் மட்டையில் தஞ்சாவூர் வேலைப்பாடு செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு முழ மட்டைகளைக் கும்பகோணம் வீட்டுக் கொலுவில் வைக்கக் கேட்டிருக்கிறீர்கள். புரட்டாசி வரை காத்திருக்காமல் ஆவணியிலேயே தொடங்குங்கள். மழை பிடித்துவிட்டால் நம் பக்கம் எதுவும் சீக்கிரம் காயாது.

முதல் வேலை வார்னிஷை எடுப்பது. அது வழவழவென்று இருக்கும்வரை மேலே எதுவும் ஒட்டாது. 220 நம்பர் உப்புத்தாளால் மர ரேகையோடு போக்காகத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள்.

அப்புறம் சாக் பவுடரையும் ஃபெவிகாலையும் தோசை மாவு பதத்தில் குழைத்து, மருதாணிக் கோனில் அடைத்து, மட்டையின் பருத்த பகுதியில் கொடி, அன்னம் என்று வரையலாம். ஒரேயடியாகத் தடிமனாக இட்டால் காயும்போது வெடிக்கும்; மெல்லிய கோடாக இட்டு, காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு கோடு இடுங்கள். ஈரம் இருக்கும்போதே கற்களைப் பதிக்க வேண்டும். வளைவில் பெரிய கல் உட்காராது, பொடிக்கல்லே சரி. தஞ்சாவூர் ஓவியத்துக்கு 22 காரட் தங்கத் தாள் ஒட்டுவார்கள். இதற்குத் தங்க நிறத் தாள் போதும். குறுகலாக நறுக்கி ஒட்டினால் சுருங்காது.

காய வைக்க, பிடியின் நுனிக் குமிழுக்குக் கீழே நூல் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். பிடிக்கு வண்ணம் அடிக்காதீர்கள். ஆஷ், மேப்பிள் மரத்தின் வெளிர் நிறம் தங்கத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு அழகு!