லேசரில் செய்த துத்தநாக ஆக்சைடு நானோ படிகங்கள்: கோடு அகலமாவது அளவாலா, உள் தகைவாலா?

இந்தப் படிகங்களில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அது குறிப்பிட்ட சில கோணங்களில் கோடுகளாகத் தெறித்து வரும். அந்தக் கோடுகள் அகலமாவது படிகம் சிறியதாக இருப்பதாலா, உள்ளே உறைந்த தகைவாலா (பரப்பலகுக்கு அழுத்தும் உள்விசை) என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இரண்டாலும்தான், ஆனால் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

முதலில் தகைவு எங்கிருந்து வருகிறது? தண்ணீருக்குள் இருக்கும் துத்தநாகத் தகட்டில் நானோவினாடி லேசர் துடிப்பு விழும்போது அந்த இடம் ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவாகிறது, சுற்றியுள்ள நீர் அதை விரியவிடாமல் அமுக்குவதால் அழுத்தம் கிகாபாஸ்கல் அளவுக்குப் போய், அடுத்த கணமே எல்லாம் சடாரென்று குளிர்ந்துவிடுகிறது. அணுக்கள் தங்கள் இடத்தில் ஒழுங்காக அமர நேரமே இல்லை. ஆக்சிஜன் இல்லாத காலியிடங்களும் இடப்பெயர்வுகளும் (அணு வரிசையில் விழும் பிசகுகள்) அப்படியே உறைந்துபோகின்றன.

படிகம் முழுதும் ஒரே மாதிரி நெருக்கப்பட்டால் எக்ஸ் கதிர்க் கோடு நகரும். செம்பிலிருந்து எடுக்கும் எக்ஸ் கதிரில் 34.4 டிகிரியில் (இது 2θ) வரவேண்டிய, 002 என்று பெயரிட்ட அணுத்தளங்களின் கோடு சற்று அதிகக் கோணத்துக்குப் போகும். திரிபு, அதாவது தகைவால் அணு இடைவெளி மாறும் விகிதம், இடத்துக்கு இடம் மாறினால் கோடு அகலும். சிறிய அளவால் வரும் அகலம் 1/cosθ போலவும், திரிபால் வருவது tanθ போலவும் கூடும். இதை வைத்துத்தான் வில்லியம்சனும் ஹாலும் 1953-இல் வரைபட முறையைத் தந்தார்கள்: 4sinθ-க்கு எதிராக βcosθ-ஐ (β என்பது கோட்டின் அகலம்) வரையுங்கள், சாய்வு திரிபு, வெட்டுத்துண்டிலிருந்து (வரைகோடு செங்குத்து அச்சை வெட்டும் உயரம்) அளவு. கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்காமல் இதில் இறங்கவே கூடாது. திரிபு 0.2 சதவீதம் என்றால், யங் குணகம் (பொருளின் விறைப்பு, தகைவை திரிபால் வகுத்தது) சுமார் 140 கிகாபாஸ்கல் என்று கொண்டால், தகைவு ஏறக்குறைய 280 மெகாபாஸ்கல்.

அப்புறம், மாதிரியை உலையில் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் கோடு ஒடுங்கும், ஆனால் படிகமும் அப்போது வளர்ந்திருக்கும் என்பதால் வரைபடத்தை மறுபடி போட்டுப் பார்த்துதான் சொல்லவேண்டும்.