அனுப்பினால் ஓட்டம், எடுத்தால் நொண்டல்

கேள்வி: மாடி அறையில் திருமண வீடியோக்களை எடிட் செய்கிறேன். கீழே ஹாலில் இரண்டு ஹார்டு டிஸ்க் கொண்ட நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) இருக்கிறது. இவற்றை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், கணினி, நாஸ் எல்லாமே நொடிக்கு 2.5 கிகாபிட். நாஸுக்கு அனுப்பும்போது நொடிக்கு 280 மெகாபைட்டில் தொடங்கி, சற்று நேரத்தில் 150க்கு இறங்குகிறது. நாஸிலிருந்து எடுத்தாலோ 30, 70, 20 என்று தள்ளாடுகிறது. ஹாலில் அதே ஸ்விட்சில் இணைத்த மனைவியின் 1 கிகாபிட் மடிக்கணினி மட்டும் சீராக 112 எடுக்கிறது. கடைக்காரர் ஸ்விட்சை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். நீங்கள் சொல்வது இரண்டு புகார். அதில் முதலாவது நோயே இல்லை. நாஸ் முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது, அதனால் 280. அது நிரம்பியதும் ஹார்டு டிஸ்க்கின் சொந்த வேகம் வெளியே வருகிறது. தட்டின் வெளி விளிம்பில் எழுதும் வேகம் உள்வட்டத்துக்குப் போகும்போது ஏறத்தாழப் பாதியாகிவிடும். டிஸ்க் நிரம்ப நிரம்ப 150ஐயும் மறந்துவிட வேண்டியதுதான்.

இரண்டாவதுதான் உண்மையான கோளாறு. ஆனால், கோப்பை நகலெடுத்துப் பார்த்தால் டிஸ்க்கும் கம்பியும் ஒன்றாகவே அளக்கப்படும். யார் குற்றவாளி என்று தெரியாது. ஐபெர்ஃப்3 (iperf3) என்ற இலவச மென்பொருளை நாஸிலும் கணினியிலும் போடுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் கம்பியை மட்டும் அளக்கும். கணினியிலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு கட்டளையின் இறுதியில் -R என்று (சிறு கோடும் பெரிய 'ஆர்' எழுத்தும்) சேர்த்து எதிர்த்திசையில் ஓட்டுங்கள். பலரும் இந்த இரண்டாவது ஓட்டத்தைச் செய்வதே இல்லை. இரு திசையிலும் சுமார் 2.35 கிகாபிட் வரவேண்டும். எதிர்த்திசையில் குறைந்து, மறுமுறை அனுப்பிய பாக்கெட்டுகளின் (தரவைத் துண்டாக்கி அனுப்பும் பொட்டலங்களின்) எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் நின்றால், வழியில் பாக்கெட் தொலைகிறது என்று பொருள். தொலைந்தது தெரிந்ததும் அனுப்பும் பக்கம் வேகத்தைச் சட்டென்று குறைத்து, பிறகு மெல்ல ஏற்றும். உங்கள் 30, 70, 20 தள்ளாட்டம் அப்படித்தான் இருக்கிறது.

எங்கே தொலைகிறது? உங்கள் மனைவியின் மடிக்கணினிதான் சாட்சி. அது சீராக எடுக்கிறது என்றால் நாஸும், நாஸிலிருந்து ஸ்விட்ச் வரையிலான கம்பியும் நலம். மிச்சம் இருப்பது ஸ்விட்சிலிருந்து மாடிக்குப் போகும் கேபிள், ஸ்விட்சில் அது செருகிய போர்ட், கணினியின் நெட்வொர்க் கார்டு. கேபிளை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். சரியாகாவிட்டால் கணினியையே ஹாலுக்கு இறக்கி, நல்ல குட்டிக் கேபிளில் இணையுங்கள். அப்போதும் நொண்டினால் கார்டின் டிரைவரைப் புதுப்பியுங்கள். வேகம் வந்துவிட்டால் மாடிக் கேபிள்தான்.

என் சந்தேகம் முழுவதும் அந்தக் கேபிளின் முனைகளில். இரு முனையிலும் நிறங்களை ஏதோ ஒரே வரிசையில் வைத்துக் கிரிம்ப் செய்துவிட்டு (பிளக்கை அழுத்திப் பொருத்திவிட்டு), டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறதே என்று போய்விடுபவர்கள் உண்டு. விளக்கு எரிந்தால் கம்பி அறுபடவில்லை என்று மட்டுமே அர்த்தம். பிளக்கின் மூன்றாவது, ஆறாவது பின்களுக்குப் போகும் கம்பிகள் ஒன்றாக முறுக்கிய ஒரே ஜோடியாக இருக்கவேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு: இதுதான் வரிசை. ஜோடி பிரிந்தால் ஒரு கம்பியின் பேச்சு இன்னொன்றில் கேட்கும். அந்த விளக்கு டெஸ்டருக்கு அது தெரியவே தெரியாது. கம்பியைச் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். அதைக் கழற்றிவிட்டு முழுச் செம்பு கேட் 6 ரகக் கேபிள் போடுங்கள்.

கேள்வி: 1 கிகாபிட் என்றால் 125 மெகாபைட் வரவேண்டாமா? 112தானே வருகிறது!
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பாக்கெட்டின் முகவரிச் சுமை சுமார் 6 சதவீதம் போக, மிஞ்சுவது 117 சொச்சம். விண்டோஸ் ஒரு மெகாபைட்டை 10,48,576 பைட்டாக எண்ணுவதால் அதுவே 112 ஆகிறது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

கேள்வி: ஒரே பெரிய வீடியோ பறக்கிறது; அதே அளவுள்ள ஆயிரக்கணக்கான குட்டிப் படங்கள் ஊர்கின்றனவே?
— வாசகி, காரைக்குடி

பதில்: ஒவ்வொரு படத்துக்கும் கோப்பைத் திற, எழுது, மூடு என்று தனித்தனி உரையாடல் நடக்கிறது. நேரம் அதில்தான் போகிறது. ஜிப் செய்து ஒரே கோப்பாக அனுப்புங்கள். அல்லது விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பியில் பல கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள்.