ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேறியவள் நான். ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் ஒன்றரை ஆண்டாக ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) ஆக இருக்கிறேன். சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. 20 நாளில் சேர வேண்டும். திட்டம் முடியாமல் தர மாட்டேன் என்கிறார் பேராசிரியர். திட்டம் முடியும்வரை இருப்பேன் என்ற பாண்டு எதிலும் நான் கையெழுத்திடவில்லை. நான்கு மாத உதவித்தொகையும் பாக்கி. என்ன செய்வது?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய, பேராசிரியரின் வாட்ஸ்அப் செய்திப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். ‘ஒரிஜினல்ஸ் என் பீரோலதான் பத்திரமா இருக்கு. வேற ஆள் வரட்டும், பார்க்கலாம்’ என்று தேதியோடு இருக்கிறது. சர்டிபிகேட்டை வாங்கியதற்கு ரசீது இல்லையே என்று கலங்க வேண்டாம். இந்த ஒரு வரியே போதிய சாட்சி. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

அடுத்தவர் பொருளைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் பொது உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கி போன்ற சிலருக்கு மட்டுமே தருகிறது. அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகம் இல்லை. கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞர்களான எங்களுக்கே உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. நீங்கள் படித்து வாங்கிய பட்டத்தைப் பீரோவில் பூட்டி வைக்க ஒரு பேராசிரியருக்கு ஏது அதிகாரம்? பாண்டு இருந்திருந்தாலும், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயமான நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமே தவிர, சர்டிபிகேட்டைத் தொட முடியாது. அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் அறிவித்ததைப் பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது மாணவர்களுக்கானது, நீங்கள் திட்டப் பணியாளர் என்பதால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

இன்றைக்கே பதிவாளர் பெயருக்குக் கடிதம் எழுதுங்கள். சான்றிதழ் ஒவ்வொன்றையும் எண்ணோடு பட்டியலிட்டு, ஏழு நாளுக்குள் திருப்பித் தரும்படி கேட்டு, ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பணி ஆணையில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தால் ராஜினாமாவையும் உடனே கொடுங்கள். குறையும் நாளுக்குப் பணம் கட்டச் சொன்னால் கட்டி ரசீது வாங்குங்கள். சேரவிருக்கும் கல்லூரிக்கும் நிலைமையைச் சொல்லி, அவகாசம் கேட்டு எழுதுங்கள். ஏழு நாளில் பதில் வராவிட்டால், அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அரசமைப்புச் சட்டம் 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். சேர வேண்டிய தேதியைக் காட்டி அவசர உத்தரவும் கேட்கலாம்.

‘தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கிவிடு’ என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பொய்ப் புகார் குற்றம். இன்று நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உதவித்தொகை தனி விவகாரம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டங்களில் ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் திட்டத்துக்கு எவ்வளவு அனுமதி, நிதி எப்போது வந்தது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சர்டிபிகேட் தரும்போது ‘பாக்கி ஏதுமில்லை’ என்று கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். ‘சான்றிதழ்களை மட்டும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.