நர்சரிக்குப் போகாமல் வீட்டிலேயே மாமரத்தில் ஒட்டுக்கட்ட முடியுமா?

முடியும். ஒட்டுக்கட்டுவது என்றால், வேண்டிய மரத்தின் குச்சியை (தாய்க்குச்சி) வெட்டி, வேரோடு இருக்கும் வேறொரு கன்றின் (அடிக்கன்று) தண்டில் பொருத்தி, இரண்டையும் ஒன்றாக வளரவிடுவது. ஆனால் உங்களுக்கு ஒரு மல்கோவாவோ இமாம் பசந்தோ வேண்டும், அவ்வளவுதான் என்றால் இந்த வேலையே தேவையில்லை. சேலத்தில் அந்தக் கன்றுகள் தாராளமாகக் கிடைக்கின்றன, வாங்கி நட்டுவிடுங்கள். விலைக்குக் கிடைக்காத மரம் ஒன்று இருந்தால்தான் ஒட்டுக்கட்டக் கற்றுக்கொள்வதற்கு அர்த்தம். அயோத்தியாப்பட்டணம் பக்கம் என் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் பெயர் தெரியாத மா ஒன்று நின்றது. நாரே இருக்காது, கொட்டை தகடு போல மெலிந்திருக்கும். அதன் கொட்டையை ஊன்றினால் மரம் வரும், அதே பழம் வரும் என்று சொல்ல முடியாது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்ததோ! மனையை விற்கும் பேச்சு எழுந்த பிறகுதான் நான் பிளேடைக் கையில் எடுத்தேன்.

இதற்குக் கைத்திறன்தான் முக்கியம் என்று பலரும் பயப்படுகிறார்கள். நம் ஊரைப் பொறுத்தவரை ஒட்டைக் கெடுப்பது கோணலான வெட்டு அல்ல, வறட்சி. வெட்டிய குச்சிக்கு வேர் கிடையாது. அடிக்கன்றோடு சேர்ந்து நீர் ஏறத் தொடங்கும்வரை தன்னிடம் இருக்கும் ஈரத்தை வைத்துத்தான் அது உயிரோடிருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அது நடக்காது. ஆடிக்காற்று அடங்கி, ஆவணியில் மழை பிடித்து, காற்றில் ஈரம் நிற்கும்போது செய்யுங்கள்.

அடிக்கன்றுக்கு நாட்டு மாங்கொட்டை போதும். பழம் தின்ற சில நாட்களிலேயே ஊன்றிவிட வேண்டும். வாரக்கணக்கில் காயவைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். அடுத்த மழைக்காலத்துக்குள் தண்டு பென்சில் கனத்துக்கு வந்துவிடும். அதன் நுனியில் செம்பு நிறத் தளிர் விட்டிருக்கும் சமயம் ஒட்டுக்கு ஏற்றது.

தாய்க்குச்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. காய்த்துப் பார்த்த மரத்தில், வெயில் படும் கிளையின் நுனியில், அடிக்கன்றின் கனமே உள்ள குச்சியைப் பாருங்கள். அதை உடனே வெட்டாதீர்கள். மரத்தில் இருக்கும்போதே இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிட்டு, ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். காம்புகள் தானாக உதிரும், நுனிமொட்டு பருத்து நிற்கும். அப்போது வெட்டினால், ஒட்டியதும் துளிர்க்கத் தயாராக இருக்கும். அவசரக்காரர்கள் தவிர்த்துவிடும் படி இதுதான்.

வெட்டு எளிது. அடிக்கன்றின் தலையை ஒரு சாண் உயரத்தில், கீழே சில இலைகள் இருக்கும்படி நறுக்கி, நடுவே மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளந்துகொள்ளுங்கள். குச்சியின் அடியை அதே நீளத்துக்கு ஆப்பு போலச் சீவிச் செருகுங்கள். பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய பச்சை அடுக்குதான் ஒட்டிக்கொள்வது. ஆகவே ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை நேராக நிற்க வேண்டும். புதுச் சவர பிளேடே போதும். மாம்பால் பட்டால் தோல் புண்ணாகும், கவனம். பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, குச்சி ஐஸ் உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டி, நிழலில் வையுங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் மொட்டு விரியும். விரிந்ததும் உறையைக் கழற்றிவிடலாம். குச்சி கறுத்துவிட்டால் அது போய்விட்டது என்று அர்த்தம்.

ஏற்காட்டில் வீடோ தோட்டமோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே மாவைவிடப் பேரிக்காயில் முயல்வது நல்லது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே காபியோடு மலைக்கு வந்த மரம் அது. பேரி குளிரில் இலை உதிர்த்து உறங்கும். மார்கழி, தையில், துளிர் விடுவதற்கு முன்பே, நாட்டுப் பேரிக்கன்றில் ஒட்டிவிட வேண்டும். கமலா ஆரஞ்சு விதையிலிருந்து வந்தாலும் பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். அதற்கு இத்தனை பாடு வேண்டாம்.

ஒரே மரத்தில் நான்கு ரகம் ஒட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒட்டலாம். ஆனால் வேகமாக வளரும் ரகம் மற்றவற்றை அமுக்கிவிடும். வருடந்தோறும் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை நறுக்கிவிட, தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

ஒட்டு பிடித்த பிறகு, ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் விரலால் ஒடித்துக்கொண்டே இருங்கள். விட்டால் நாட்டு மா மேலேறி, நீங்கள் ஒட்டியதை மூடிவிடும். ஓரிரு மாதத்தில் நாடாவை அவிழ்க்காவிட்டால் தண்டை இறுக்கி அறுக்கும். தரையில் நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். ஒட்டுக்கன்று சீக்கிரமே பூக்கும். முதல் மூன்று வருடப் பூவைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள், வீட்டில் யார் என்ன சொன்னாலும்.